கலாவதியின் இரண்டு ஏக்கர்

அக்டோபர் 6

காலை காபி ஏழரைக்கு வந்தது. பட்டுக் கடையில் நான் மேலாளராக இருந்தவரை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த காபி. ஓய்வு பெற்ற ஆளுக்கு எப்போது கொடுத்தால் என்ன என்று வீட்டில் யாரோ தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் போடவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. கலாவதி விடிந்ததிலிருந்து போனில் இருந்திருக்கிறாள். ஏற்காட்டில் இருந்த அவளுடைய சின்னம்மா தில்லையம்மாள் ஆடி மாதம் காலமானார். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், மலைச்சரிவில் ஒரு காபித் தோட்டம் வாங்கி அதனோடு குடும்பம் நடத்தியவர். அந்த இரண்டு ஏக்கரைக் கலாவதி பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“நாலு நாள் போய் பாத்துட்டு வரேன்” என்றாள்.

“யார் தலையிலாவது கட்டிட்டு வா” என்றேன்.

பதில் சொல்லவில்லை. என் மனைவி பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இது என் நெடுநாள் அனுபவம்.

காபியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கரி எவ்வளவு சேர்க்கலாம், டிகாக்‌ஷன் எந்த நிறத்தில் இறங்க வேண்டும், பால் எந்தக் கொதியில் சேர வேண்டும் — காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாலு தெருவுக்கு நான்தான் சொல்வேன். போடுவது கலாவதி. அறிவு என்னுடையது.

அக்டோபர் 8

போய்விட்டாள். நாலு நாளைக்குத் தோசை மாவு இருக்கிறது.

அக்டோபர் 15

மாவு புளித்து, பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கலாவதி வரவில்லை.

போன் செய்தேன். “பழம் பழுக்கப் போவுதுங்க. இத்த வுட்டுட்டு எப்படி வர்றது? அறுவடை முடிச்சிட்டு வரேன்” என்கிறாள். அறுவடை எப்போது முடியும் என்றேன். மாசியில் முடியுமாம். நாலு நாளுக்குப் போனவள் நாலு மாதத்தைச் சாவகாசமாகச் சொல்கிறாள். பின்னால் ஒரு பெண் குரல், ஒலிபெருக்கி வைத்ததுபோல். பக்கத்துத் தோட்டத்து லில்லியாம். அந்த அம்மாளுக்குப் போனே தேவையில்லை, மலைமேல் நின்று கூப்பிட்டால் காஞ்சிபுரத்தில் கேட்கும்.

மாலை ஃபக்ருதீன் பாயின் ஜரிகைக் கடையில் உட்கார்ந்தேன். பாய் டீ குடிப்பவர். அந்த ஒரு குறையைத் தவிர நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“க்யா மியான், ரிட்டையர் ஆனது நீங்க. வீட்ட வுட்டுப் போனது அவங்களா?”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 29

தீபாவளிக்கு அழைத்துவரப் போனேன். காஞ்சிபுரத்தில் ஏறி வேலூர், வேலூரில் மாறி சேலம், சேலத்தில் மாறி ஏற்காடு. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எதுவரை தாங்கினோம் என்று பின்னால் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும். நான் பதினொன்று வரை தாங்கினேன். பக்கத்தில் இருந்தவர் நல்லவர், ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார்.

தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க நின்றபோது கீழேயிருந்து ஒரு பெண் சிரிப்புச் சத்தம். வயிற்றிலிருந்து வரும் பெரிய சிரிப்பு. யாரோ கூலிக்கு வந்தவள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், கலாவதி. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் சின்னம்மாவின் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எங்கே வைத்திருந்தாள்?

“வாங்க, வாங்க” என்றாள், விருந்தாளியை அழைப்பதுபோல.

ஒரு புதரில் கையை ஊன்றிக்கொண்டு, “சரி, இந்தக் காபி எங்க இருக்குது, காட்டு” என்றேன். லில்லி கத்தினாள்: “நீங்க புடிச்சிக்கிட்டு நிக்கிறதே காபிதாங்ணா!” அந்தச் செய்தி அடுத்த மலை வரை போய்த் திரும்பி வந்தது. காய்கள் பச்சையாக, கொத்துக் கொத்தாக இருக்கின்றன. காபி என்றால் பழுப்பாக இருக்கும் என்று நினைப்பது ஒரு குற்றமா?

இரவு தங்கினேன். காலில் அட்டை இரண்டு ஏறியிருந்தன. நான் கத்தியபோது கலாவதி உப்பைத் தூவி எடுத்துப் போட்டாள், கொசுவை விரட்டுவதுபோல. காஞ்சிபுரத்தில் பல்லியைப் பார்த்தால் என்னைக் கூப்பிடுபவள்.

“கிளம்பு, பண்டிகைக்கு ஊருக்குப் போவலாம்” என்றேன்.

“ஆளுங்கள வரச் சொல்லிட்டேங்க. நீங்க வேணா இருந்துட்டுப் போங்களேன்.”

நான் இருப்பதா? எதற்கு, அட்டைக்கு இரையாகவா?

நவம்பர் 1

தீபாவளி முடிந்தது. நானும் மகள் இளவரசியும். அவளுக்கு ஒரகடம் கம்பெனியில் வேலை, அங்கேயே விடுதி. ஒருநாள் லீவில் வந்து, பாதி நேரம் அம்மாவோடு வீடியோ காலில் இருந்தாள்.

“அம்மா செம ஹேப்பிப்பா. ஃபேஸே மாறிடுச்சு. நீங்க ஏம்பா டென்ஷன் ஆவுறீங்க?”

நான் டென்ஷன் ஆகவில்லை. ஓட்டல் சாப்பாட்டில் வயிறுதான் சரியில்லை.

நவம்பர் 13

மனிதனுக்கு மூளை எதற்கு இருக்கிறது? இன்று பயன்படுத்தினேன்.

சேலத்தில் கண்ணாயிரம் என்று ஒருவர், மலைகளில் ரிசார்ட் கட்டுபவர். அவர் மகளின் முகூர்த்தப் புடவையை நான்தான் விற்றேன். வேறு கடைக்குப் போக எழுந்தவர்களை ஒரு வார்த்தையில் உட்காரவைத்தேன். அவருக்குப் போன் செய்தேன். “ஏற்காட்டுலயா? உங்க இடமா? உடனே பார்க்கலாம் சார்” என்றார். ‘உங்க இடமா’ என்பதற்கு ஆமாம் என்றேன். மனைவியின் இடம் கணவனின் இடம்தானே? இதையெல்லாம் போனில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கலாவதியிடம் இப்போது சொல்லத் தேவையில்லை. நேரில் பார்த்து, அவர் பேசும் விதத்தைக் கேட்டால் அவளே மனம் மாறுவாள். வாடிக்கையாளர் மனத்தை மாற்றுவது எனக்குத் தெரியாதா?

பாயிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார். “சுந்தரம், இது சரியா படல எனக்கு” என்றார். ஜரிகை விற்பவருக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும்.

நவம்பர் 24

எழுதவே கூடாது என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

நேற்று கண்ணாயிரத்தின் காரிலேயே போனோம். கலாவதியிடம், “சிநேகிதர், மலையைப் பார்க்க வந்திருக்கார்” என்றேன். அவள் காபி போட உள்ளே போனாள். அவர் காபி காயவைக்கும் களத்தின் நடுவில் நின்று கைகளை விரித்தார். “இங்க ஸ்விம்மிங் பூல். அங்க கண்ணாடி ரூம். இந்த மரத்தையெல்லாம் எடுத்துட்டா வியூ அப்படியே கொட்டும் சார்.” சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி ஏறியவை. காபிச் செடிகளை அவர் கண்டுகொள்ளவே இல்லை. புதர் என்று நினைத்திருப்பார். அந்தத் தவறு யாருக்கும் நேரலாம்.

கலாவதி காபியோடு வந்தாள். வாங்கிக்கொண்டே கேட்டார்: “கையெழுத்துப் போட எப்பம்மா சேலம் வர்றீங்க? சார் எல்லாம் பேசி முடிச்சிட்டாரே.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள். “சாருக்கு விக்கிறதுன்னா ரொம்பப் புடிக்குங்க. காஞ்சிபுரத்துல அவரு பேர்ல ஒரு சைக்கிள் இருக்குது. வேணும்னா அத்த வாங்கிக்குங்க. இது என்னோடது. காபி ஆறிடப் போவுது, குடிங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் லில்லி. முதல் முறையாகச் சத்தமே வரவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

கண்ணாயிரம் போன பிறகு அடுப்படியில் நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். உன் நல்லதுக்குத்தான், இந்த வயசுல தனியா, அட்டை, காட்டெருமை... அவள் திரும்பினாள்.

“அந்தக் கடைல ஊரு பேரு தெரியாத பொம்பளைங்க முன்னாடியெல்லாம் நூறு புடவை பிரிச்சுப் போட்டு, ‘உங்களுக்கு எது புடிக்குதும்மா’ன்னு நீ கேப்பியே. எங்கிட்ட ஒரு தரம் கேட்டியா நீ?”

கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ‘நீ’. இரண்டு முறை.

“அங்க நான் உப்பு கம்மியா போட்டாகூட உன் நாக்குக்குத்தான் கணக்கு. இங்க நான் தப்பு பண்ணாகூட அது என் தப்பு. எனக்கு அது நல்லா இருக்குது. கடைசி பஸ் போயிடும், கிளம்பு.”

கிளம்பினேன். வளைவுகளில் குமட்டக்கூட இல்லை. அதற்கும் மனசு கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும்போல.

நவம்பர் 27

போன் எடுக்கவில்லை. நானும் மூன்று முறைக்கு மேல் முயற்சி செய்யவில்லை. எனக்கும் மானம் உண்டு.

நவம்பர் 28

ஏழு முறை.

டிசம்பர் 1

புயல் கரையைக் கடக்கிறதாம். தெருவில் முழங்கால் தண்ணீர், நெசவு வீடுகளில் தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சத்தம். மழை கொஞ்சம் விட்டதும் தாமல் ஏரி நிரம்பிவிட்டதென்று பாதித் தெரு வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிட்டது. குடும்பத்தோடு, முறுக்குப் பொட்டலத்தோடு.

டிசம்பர் 2

டி.வி.யில் ஏற்காட்டைக் காட்டுகிறார்கள். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்குது. மரம் வேரோட ரோட்ல. போன் போட்டா ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ன்னு ஒருத்தி சொல்லிக்கினே இருக்கா, எத்தினி தரம் போட்டாலும் அதே பொம்பள, அதே குரல். லில்லி நம்பர் எனக்குத் தெரியாது. அந்த வீடு சரிவுல இருக்குது. பின்னாடி மண் சுவரு. நான் பார்த்தேனே — பார்த்துட்டு அட்டையைப் பத்திப் பேசிக்கினு இருந்தேனே.

இளவரசி அழறா. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். எந்த தைரியத்துல சொன்னேன்?

பாய் மழையில் நனைந்துகொண்டே வந்தார். வேட்டியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார்: “போன் எடுக்கலேன்னா பஸ் ஏறு மியான்.” அவருடைய மழைக்கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார்.

டிசம்பர் 4

ஏற்காடு. கையில் மண், தாளிலும் படுகிறது.

நேர் பாதையை அடைத்துவிட்டார்கள். சேலத்தில் கேட்டவர்களெல்லாம் போகாதீர்கள் என்றார்கள். ரொட்டியும் பாலும் ஏற்றிக்கொண்டு சுற்றுப் பாதையில் ஒரு ஜீப் போனது. டிரைவரிடம், “என் சம்சாரம் மேல இருக்குதுபா” என்றேன். அவர் ஏறு என்று தலையை ஆட்டினார். கடைசி மூன்று மைல் நடை. வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல பேச்சு. கடையில் இருந்த காலத்தில்கூட அப்படிப் பேசியிருக்கமாட்டேன்.

வீடு இருந்தது. பின்சுவர் சரிந்து, அடுப்படியில் பாதிவரை மண். தார்ப்பாய் கட்டியிருந்தது. களத்தில் காயவைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. செடிகளுக்கு நடுவே சேற்றில் முட்டிபோட்டு இரண்டு பெண்கள் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி லில்லி.

கலாவதி நிமிர்ந்தாள். என்னை, பாயின் மழைக்கோட்டை, செருப்பில்லாத ஒரு காலைப் பார்த்தாள்.

“வந்துட்டீங்களா. அந்தக் கூடைய எடுங்க. விழுந்த பழத்த இன்னிக்கே பொறுக்கலேன்னா அழுவிடும்.”

ஒத்திகை பார்த்த பேச்சில் கூடை வரவே இல்லை. கூடையை எடுத்தேன். முட்டிபோட்டேன்.

மறுபடி ‘நீங்க’. மரியாதையா, தூரமா என்று இருட்டும்வரை யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

டிசம்பர் 14

அறுவடை முடியும்வரை இருக்கலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. படுக்கை முன்னறையில், உர மூட்டைக்குப் பக்கத்தில்.

இன்று பறிப்புக்கு அனுப்பினார்கள். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், காயைத் தொடக் கூடாது. “சிவப்பு நிறத்தப் பத்தி எங்கிட்டயா?” என்றேன். அரக்கு, குங்குமம், மாதுளை, தக்காளி, செங்கல், மயில்கழுத்துப் பட்டின் ஊடே ஓடும் சிவப்பு — கண்ணை மூடித் தொட்டே சொல்வேன் என்று கூலிக்கு வந்த பெண்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மரியாதையாகக் கேட்டார்கள்.

சாயங்காலம் கலாவதி என் கூடையைக் கவிழ்த்தாள். பாதி பச்சை. காலையில் வெயில் செடிமேல் விழும்போது எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது. நான் என்ன செய்வது? “இது எந்தச் சிவப்புங்ணா?” என்று லில்லி ஒரு பச்சைக் காயைத் தூக்கிக் காட்டினாள். மலை முழுக்கச் சிரித்தது. கலாவதியும். அந்தப் பெரிய சிரிப்பு. அதைக் கேட்பதற்காக நாளைக்கும் கொஞ்சம் பச்சை பறிக்கலாமா என்று இருக்கிறது. ஆனால் தெரிந்துவிட்டால் உதைப்பாள்.

டிசம்பர் 30

பாய் போன். “மேனேஜர் சாப், எஸ்டேட் எப்படி இருக்குது?”

“சேறு அள்ளிக்கினு இருக்கேன் பாய்.”

“அவங்களுக்கு ஷுக்ரியா, நன்றி சொல்லு. அள்ள வுட்டாங்களே.”

அடுப்படியில் இருந்த மண்ணையெல்லாம் வெளியே போட்டுவிட்டோம். சுவரை லில்லியின் தம்பி எழுப்பிக்கொண்டிருக்கிறார். கல் எடுத்துக் கொடுப்பது நான். ஓய்வு பெற்ற மேலாளர்.

ஜனவரி 14

பொங்கல். மண்ணெல்லாம் போன அடுப்படியில் புது அடுப்பு. லில்லி வீட்டிலிருந்து கேக் வந்தது. கிறிஸ்துமஸுக்குச் செய்து மிச்சம் வைத்ததாம். கல்போல இருந்தது, நன்றாக இருக்கிறது என்றேன். பொய் சொல்லும் திறமை இன்னும் போகவில்லை.

மத்தியானம் கலாவதியும் நானும் பழத் தோலுரிக்கும் யந்திரத்தில் நின்றோம். நான் கைப்பிடியைச் சுற்றினேன், அவள் பழத்தைப் போட்டாள். சத்தம் அதிகம். சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“கண்ணாயிரத்தக் கூட்டிக்கினு வந்தது தப்பு கலா.”

“தெரியும்.”

“எனக்குத் தெரியும்னு சொல்ல வந்தேன்.”

“நின்னுட்டீங்க. சுத்துங்க.”

சுற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, “இங்க வந்தப்புறம் ஒரு தரமும் காபி நல்லா இல்லன்னு நீங்க சொல்லல” என்றாள். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருக்க இப்போதுதான் பழகுகிறேன்.

காபி உண்மையில் சுமார்தான். பால் மலைப்பால், தண்ணியாக இருக்கிறது.

பிப்ரவரி 23

கடைசிச் செடியும் பறித்தாகிவிட்டது. அறுவடை முடிந்தது. புயலில் போனது போக, மிச்சம் மூட்டையாகிவிட்டது. மூட்டையின் மேல் கலாவதி ஏறி உட்கார்ந்து லில்லியோடு வெற்றிலை போட்டாள். வெற்றிலை போடுவாள் என்பதும் எனக்குத் தெரியாது. நான் யாரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்?

அறுவடை முடியும்வரை என்றுதான் பேச்சு. இரண்டு சட்டையையும் மடித்துப் பையில் வைத்தேன். சாப்பிடும்போது யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 24

இன்றும் யாரும் பேசவில்லை. நிழல் மரங்களின் கிளையைக் கழிக்க வேண்டுமாம். ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 8

காட்டெருமை வந்தது. பின்கதவுக்கு நேரே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. கடையில் வாங்காமல் போகும் பெரிய வீட்டு அம்மாக்கள் பார்க்கும் அதே பார்வை. கும்பிட்டேன். போய்விட்டது.

மார்ச் 28

மழை. இந்த மழைக்காகத்தான் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது பெய்தால் ஒன்பது, பத்து நாளில் பூ வருமாம். மலையே ஒரே நாளில் பூக்குமாம். நான் நம்பவில்லை. முதலாளி முன்னால் எல்லாக் கடையிலும் இப்படித்தான் பேசுவார்கள்.

ஏப்ரல் 3

கலாவதி காஞ்சிபுரம் போயிருக்கிறாள். இளவரசிக்கு ஒரு வரன் கேட்டு வந்திருக்கிறது. பெண்ணும் பையனும் முதலில் பேசிப் பார்க்கட்டும், பிடித்தால் பிறகு நாம் என்று அம்மாவே முடிவு செய்து, அம்மாவே போயிருக்கிறாள். “நீங்க தோட்டத்தப் பாத்துக்குங்க” என்றாள். பஸ் ஏறும்போது ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள். கவலையாக இருந்திருக்கும். என்னைத் தோட்டத்தில் தனியாக விட்டால் எனக்கே கவலையாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 5

தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஒட்டினேன். மறுபடி உடைந்தது. லில்லி வந்து ஒட்டினாள். உடையவில்லை.

ஏப்ரல் 7

விடிகாலையில் ஏதோ வாசனைக்கு விழிப்பு வந்தது. கதவைத் திறந்தேன்.

சரிவு முழுக்க வெள்ளை. கிளை கிளையாக, இலை தெரியாமல். தேனீச் சத்தம் மட்டும்.

எத்தனை நேரம் நின்றேனோ. போன் அடித்தது.

“பூ வந்துடுச்சா?” கலாவதி.

“வந்துடுச்சு.”

“எப்படி இருக்குது, சொல்லுங்க.”

ஒரு முழப் பட்டைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் பேசுகிற ஆள் நான். யோசித்துப் பார்த்தேன்.

“வெள்ளையா இருக்குது” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் வருது. நீ வந்து பாரு.”

“நாளைக்கு வரேன். ரெண்டு மூணு நாளு நிக்கும், போயிடாது.” பிறகு இளவரசியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பையனோடு பேசினாளாம், பிடிக்கவில்லையாம், சொல்லியும்விட்டாளாம். “சரி” என்றேன். அதற்கு மேல் என் கருத்தை யாரும் கேட்கவில்லை, சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

போனை வைக்கப்போகும் நேரத்தில், பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஏங்க, உங்க துணியெல்லாம் இங்க இருக்குது. ரெண்டு எடுத்துக்கினு வந்தா போதுமா, எல்லாத்தையும் எடுத்துக்கினு வரட்டுமா?”

வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தேன். போனில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

“எல்லாத்தையும்” என்றேன்.